ஐந்தாவது பாடம்

அன்புள்ள அம்மா,

வணக்கம். கரூருக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்பிலிருந்தே கோச்சிங் போய்ப் படித்த எங்கள் மகளுக்கு அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் முழு உதவித்தொகையுடன் இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்புகிறாள். முதல் செமஸ்டருக்கு நான்கு பாடம் போதும் என்கிறாள். அதிலும் இயற்பியலில் 8.012 என்ற கடினமான வகுப்பு இருக்கும்போது சாதாரண 8.01 எடுக்கப் போகிறாளாம். நான்காவது பாடம் ஏதோ சிறுகதை வாசிப்பு. முதல் செமஸ்டரில் மதிப்பெண்ணே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் அதிகம் எடுக்க இதைவிட நல்ல சமயம் ஏது? முதலாண்டுக்கு உச்சவரம்பு இருக்கிறதாம். ஆனால் பதிவு செய்யாமல் ஐந்தாவது வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். வெறும் ‘பாஸ்’ என்று போட்டால் பின்னால் வேலைக்கு உதவுமா? நீச்சல் வேறு தெரிய வேண்டுமாம், விலக்கு வாங்க முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வாள் என்று என் மனைவிக்குக் கவலை. உங்கள் தங்கை குடும்பம் பாஸ்டனில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மகள் உங்கள் வாசகி. நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மகளுக்கு என் முத்தம். உங்களுக்கான திட்டு பின்னால் வருகிறது.

மற்ற வாசகர்கள் குழம்ப வேண்டாம். இது அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, பாஸ்டனுக்கு ஆற்றின் அக்கரையில், கேம்பிரிட்ஜ் நகரத்தில் இருப்பது.

இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். படிப்பு ஆலோசனை சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் போன வாரம் பரணை ஒழித்தபோது என்னுடைய டைப்ரைட்டிங் லோயர் சான்றிதழ் கிடைத்தது. ஓரமெல்லாம் செல்லரித்த அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை உங்கள் கடிதம் வந்தது.

சில்லறைக் கேள்விகளைத் தீர்த்துவிடுகிறேன். சாப்பாடு: அங்கே அரிசியும் கிடைக்கிறது, பருப்பும் கிடைக்கிறது, ஒரு சின்ன குக்கர் கொடுத்தனுப்புங்கள். ‘பாஸ்’ விஷயம்: முதல் செமஸ்டரில் அங்கே தேறும் எல்லோருக்கும் அதே பாஸ்தான். 8.01, 8.012 இரண்டும் ஒரே கட்டாய இயற்பியலைத்தான் நிறைவேற்றுகின்றன. மெதுவாக நடந்து ஜனவரி வரை நீளும் 8.01L என்று இன்னொரு வகுப்பும் உண்டு. அதற்கும் அதே கணக்குதான். எது தன் காலுக்குச் சேரும் செருப்பு என்று அவள் போட்டுப் பார்த்துச் சொல்லட்டும். நீச்சலுக்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது அந்த வரி. மதிப்பெண் இல்லை, ஆகவே அதிகம் எடுக்கலாம். கல்யாணப் பந்தியில் காசா பணமா என்று ஏழாவது ஜிலேபியை எடுத்து வைத்துக்கொள்கிறவரின் நியாயம் இது. அந்த ஏற்பாட்டை அவர்கள் 1968-ல் ஒரு சோதனையாகத் தொடங்கினார்கள். முதலில் ஆண்டு முழுவதற்கும் இருந்தது. 2002-ல் சேர்ந்தவர்களிலிருந்து இரண்டாம் செமஸ்டருக்கு ஏ, பி, சி வந்துவிட்டது. முதல் செமஸ்டர் மட்டும் பழையபடியே தொடர்கிறது. சி-க்குக் குறையாமல் வாங்கினால் பாஸ் என்று பதிவாகும். அதற்குக் கீழே போனால் வெளியே போகும் சான்றிதழில் அந்தப் பாடம் எடுத்த தடமே இருக்காது. புது ஊரில், புது மொழியில், தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் நடுவில் ஒரு பெண் தன் அளவு என்ன என்று கண்டுபிடிக்க நாலு மாதம் கொடுத்திருக்கிறார்கள். உச்சவரம்பு இருக்கிறதாம் என்று வேறு அலுத்துக்கொள்கிறீர்கள். அது எதற்கு? உங்களைப் போல யோசிக்கிறவர்கள் உலகமெங்கும் இருப்பார்கள் என்று தெரிந்துதான்.

என் தங்கை மகன் அங்கே படித்தவன். ஒருமுறை அவனிடம் நானும் உங்களைப் போலத்தான் கேட்டேன்: “வாரத்துக்கு எத்தனை மணி நேரம்டா வகுப்பு?” அவன் பாடப் பட்டியலைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் மூன்று எண்கள். 18.02 கணிதத்துக்கு 5-0-7. முதல் எண் வகுப்பில் உட்காரும் நேரம், இரண்டாவது சோதனைக்கூடம், மூன்றாவது தானாகப் படித்துக் கணக்குப் போட வேண்டிய நேரம். கூட்டினால் 12 யூனிட், வாரத்துக்கு 12 மணி நேரம். நான்கு பாடம் என்றால் 48. “பெரியம்மா, கடைசி எண்ணை மட்டும் பாருங்கள். அங்கேதான் எல்லோரும் விழுகிறோம்” என்றான்.

நம் வீடுகளில் அந்த மூன்றாவது எண் கிடையாது. பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் நமக்குக் கணக்கு. பள்ளியில் எட்டு மணி நேரம், டியூஷனில் மூன்று, கோச்சிங்கில் இரண்டு. ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பெண் ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் இருந்தால் “என்ன கனவு?” என்று கேட்போம். அந்த முக்கால் மணி நேரம்தான் அந்த 7-ல் இருந்து செலவாகிறது என்று யாருக்கும் தோன்றாது. மாவு அரைத்த கையோடு இட்லி ஊற்றுகிற அவசரம் நமக்கு. ஐந்தாவது வகுப்பில் பதிவு செய்யாமல் உட்காரச் சொல்கிறீர்களே, அந்த நேரம் எங்கிருந்து வரும்? சாப்பாட்டிலிருந்து அவள் எடுக்க மாட்டாள். மூன்றாவது எண்ணிலிருந்துதான் எடுப்பாள். பிறகு நான்கு பாடமும் அரைகுறையாக நிற்கும்.

எனக்குத் தெரியும். 1984-ல் நான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். தெற்கே ஒரு கல்லூரி, பெயர் எதற்கு. எங்கள் வகுப்பில் நாங்கள் ஐந்து பெண்கள். அப்பா தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர். பெண் சும்மா இருக்கக் கூடாது என்பது அவருடைய வேதம். காலை ஆறு மணிக்கு டைப்ரைட்டிங். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. பத்து ரெமிங்டன் மெஷின்கள் ஒரே சமயத்தில் தகரக் கூரை மேல் ஆலங்கட்டி மழை மாதிரி பெய்யும். அங்கிருந்து ஓடிப் போய்க் கல்லூரி பஸ். மாலை இறங்கியதும் நேராக இந்தி வகுப்பு. பிராத்மிக் முடித்து மத்யமா. இரவு ஒன்பதுக்கு மேல்தான் கல்லூரிப் புத்தகத்தைத் திறப்பேன்.

ஒரு ராத்திரி டிராயிங் ஷீட்டை விரித்து, ஒரு கூம்பை வெட்டினால் வரும் வளைவைப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே அதன் மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். காலையில் அம்மா எழுப்பியபோது என் கன்னத்தில் பென்சில் கோடு பதிந்திருந்தது, தாளில் எச்சில் வட்டம். அம்மா சிரித்துவிட்டாள். நான் அழுதேன். அந்த வளைவு ஏன் அப்படி வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. புரிந்துகொள்வதற்கு ஒரு மணி நேரம் சும்மா கிடைத்திருந்தால் போதும். அந்த ஒரு மணி நேரம் என் நாளில் எங்கும் இல்லை.

கணக்கிலும் டிராயிங்கிலும் அரியர். அந்தச் செய்தி அஞ்சலில் அப்பா பெயருக்கு வந்தது. திண்ணையில் நின்று படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு வழக்கம்போல எழுப்பினார். டைப்ரைட்டிங் நிற்கவில்லை, இந்தி நிற்கவில்லை. கணக்கில் போனதற்கு மருந்தாக ஞாயிற்றுக்கிழமை கணக்கு டியூஷன் ஒன்றைச் சேர்த்தார். உங்கள் ஐந்தாவது பாடத்தைப் படித்ததும் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் ஞாபகம் வந்தன.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்த பெண் யார் தயவிலும் நிற்கக் கூடாது என்ற ஒரே பயம் அவருக்கு. கையில் ஒன்றுக்கு நாலு சான்றிதழ் இருந்தால் எதிலாவது பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தார். உங்களுக்கும் அதே பயம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் மகளுக்குப் பிழைக்கிற வழி திறந்துவிட்டது ஐயா. இன்னும் எதற்கு மூட்டை கட்டுகிறீர்கள்?

தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த வளாகத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கட்டடத்துக்குள் தெருவோரத்துத் தீயணைப்புக் குழாய் ஒன்றைக் குடிதண்ணீர்க் குழாயாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே படிப்பது தீயணைப்புக் குழாயில் வாய் வைத்துக் குடிப்பது போல என்று ஒரு வழக்கு உண்டு. 1991-ல் மாணவர்கள் குறும்பாக 26-100 என்ற பெரிய வகுப்பறை வாசலில் கொண்டுவந்து பொருத்திய குழாய் அது. நானும் குனிந்து பார்த்தேன். இன்னொரு குழாயையும் சேர்த்துத் திறந்துவிடச் சொல்கிற அப்பாக்களைப் பற்றி அங்கே எதுவும் எழுதி வைக்கவில்லை.

சிறுகதைப் பாடத்தை “ஏதோ” என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டம் வாங்க மனிதவியல், கலை, சமூக அறிவியலில் எட்டுப் பாடம் அங்கே கட்டாயம். இதை ஒரு கதை எழுதுகிறவளிடமே கேட்கத் துணிந்த உங்கள் நெஞ்சுரத்தைப் பாராட்டி அடுத்ததற்குப் போகிறேன்.

நீச்சல். விலக்கு கேட்காதீர்கள். 100 கெஜம், குளத்தின் நீளத்தை நாலு தடவை கடக்கிற தூரம், அதாவது இரண்டு தடவை போய் வருவது. நிற்காமல் நீந்தினால் போதும், எவ்வளவு நேரமானாலும் சரி. தெரியாவிட்டால் அங்கே வகுப்பில் சேர்த்துக் கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் நீங்கள் கிராமத்தில் இருக்கிறீர்கள். சிறு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி யாராவது உங்களைக் கிணற்றில் தள்ளியிருப்பார்கள். மகளைத் தள்ளினீர்களா? எட்டாம் வகுப்பிலிருந்தே கோச்சிங் என்றால் தள்ளியிருக்க மாட்டீர்கள்.

ஆகஸ்டுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பாடப் பட்டியலை அவளிடமே விட்டுவிட்டு, பழைய லாரி டியூப் ஒன்று வாங்கிக் காற்றடித்து வையுங்கள். உங்கள் பக்கம் கிணறுகளில் இப்போது தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது?