ஆலயத்தில் அஷராக, அதாவது வருகிறவர்களை வரவேற்று இடம் காட்டுகிறவராக நிற்பது எப்படிப்பட்ட வேலை? என்னையும் கேட்கிறார்கள், சேரலாமா?

சேருங்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

பார்க்கிறவர்களுக்குக் காணிக்கைப் பை எடுக்கிற வேலையாகத்தான் தெரியும். அது பத்து நிமிடம். பாட்டு முடிவதற்குள் பை பீடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அப்புறம் இரண்டு பேராவது உட்கார்ந்து எண்ணி நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தனியாக எண்ணச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறுதான் கவனம் வேண்டும். முன்னால் போய் முழங்காலிட்டவர்கள் எழும்புகிற நேரம் பார்த்து அடுத்த வரிசையை அனுப்பினால் நெருக்கடி வராது. வயதானவர்களுக்கு முழங்காலிடுவதைவிட எழும்புவதுதான் கஷ்டம். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், உங்கள் முன்கையை நீட்டுங்கள், அவர்களே பிடித்துக்கொண்டு எழும்புவார்கள். நடக்க முடியாதவர்கள் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று ஐயரிடம் (ஆலயப் போதகரிடம்) முதலிலேயே சொல்லிவிட்டால் அப்பமும் திராட்சரசமும் அவர்கள் இடத்துக்கே வரும். பெரிய வெள்ளிக்கிழமை பகல் 12 முதல் 3 வரை ஆராதனையில், வெயில் நேரத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். குளுக்கோஸும் தண்ணீரும் கைவசம் வேண்டும்.

ஆனால் வேலை முழுக்க இருப்பது வாசலில்தான். நான் அதைத் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

நான் சேர்ந்த வருடம், கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை. பட்டுச்சேலையும் புதுச்சட்டையுமாகக் கூட்டம் நெரிகிறது. காரில் வந்து இறங்கிய ஒரு குடும்பத்தை "வாங்க சார், முன்னால இடம் இருக்கு" என்று நானே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தேன். திரும்பி வந்தால் வாசல் ஓரம் ஒரு பெரியவர். காலர் நைந்த சட்டை, ஆனால் துவைத்து மடித்து வைத்திருந்த கோடு அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றி எங்கே விடுவதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தார். "அந்தத் தூண் பக்கம் நில்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன். என் அப்பா வயது அவருக்கு. அந்த வயதுக்காரரை "நில்லு" என்று சொல்கிற பழக்கம் நம் ஊரில் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கும் தெரியும்.

கூட நின்ற மூத்த அண்ணன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது, "தம்பி, யாக்கோபு ரெண்டாம் அதிகாரம் ஒருக்கா வாசிச்சுப் பாருங்க" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் பைபிளை எடுத்துப் பார்த்தேன். மினுக்குள்ள வஸ்திரம் போட்டவனிடம் "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்", தரித்திரனிடம் "நீ அங்கே நில்லு". மூலமான கிரேக்கத்தில் நீர், நீ என்ற வித்தியாசம் கிடையாது. தமிழில் கொண்டுவந்தவர்கள் நம் வாய் எப்படிப் பேசும் என்று தெரிந்து போட்டிருக்கிறார்கள். நான் சொன்ன அதே "நில்லு" அச்சில் இருந்தது. அன்றைக்குப் பிரியாணி இறங்கவில்லை.

கோயிலில் யாருக்கு எந்த இடம் என்பது நம் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிகளைப் பிரித்து உட்காரவைத்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது, அதற்கும் வழக்கு நடந்தது.

அன்றிலிருந்து யார் வந்தாலும் "வாங்க"தான், சின்னப் பிள்ளைக்கும். கமிட்டிக்காரர்களுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கச் சொன்னால் செய்வதில்லை. இதனால் மனத்தாங்கல் வந்தது, வரட்டும். பிந்தி வருகிறவர்களை ஜெபத்தின் நடுவே கூட்டிப் போகாதீர்கள், முடியும்வரை அவர்களோடு நீங்களும் நில்லுங்கள். துக்க வீட்டிலிருந்து முதல்முறை வருகிறவர்களுக்குப் பின்வரிசையில் ஓரம் கொடுங்கள். அழுகை வந்தால் யாரையும் தாண்டாமல் வெளியே போக முடியும்.

அந்தப் பெரியவரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. பல ஞாயிறு தேடினேன்.

முதல் ஞாயிறு திருவிருந்து, அன்று தொடங்க வேண்டாம். இரண்டாம் ஞாயிறு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். எல்லாரும் பெரிய வாசலில் நிற்கத்தான் பிரியப்படுவார்கள். நீங்கள் பக்கவாசலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே வரலாமா என்று தயங்குகிறவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள்.