கடலில் முடியும் பனியாறுகள்: கேள்வி பதில்

செல்வி: கடலில் முடியும் பனியாறுகளைக் கடல்நீரே அடியில் உருக்குகிறது என்கிறார்கள். ஆனால் கிரீன்லாந்துக் கடலே ஜில்லென்று இருக்குமே சார். அது எப்படிப் பனியாற்றை உருக்கும்?

மேலடுக்கில் இருப்பது வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர். சுமார் 200, 300 மீட்டருக்குக் கீழே அட்லாண்டிக்கிலிருந்து வந்த நீர் இருக்கிறது. அது வெப்பமானது என்றாலும் உப்பு அதிகம். அந்தக் கனத்தால் அடியிலேயே தங்கிவிடுகிறது. உப்புநீரில் பனிக்கட்டி பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயே கரையும். ஆழத்தின் அழுத்தம் அந்த அளவை இன்னும் கொஞ்சம் இறக்கும். ஆக, கடலுக்குள் இறங்கி நிற்கும் பனியாற்றின் முகப்புக்கு, அதாவது பனிச்சுவருக்கு, 3 டிகிரி நீரே நல்ல சூடுதான்.

முருகானந்தம்: கோடையில்தானே அதிகம் உருகுகிறது? அப்போது வெயில்தானே காரணம்?

வெயிலும் காரணம்தான், ஆனால் சுற்றுவழியில். மேலே உருகிய நீர் வெடிப்புகள் வழியாக இறங்கி, பனியாற்றின் அடியிலிருந்து கடலுக்குள் பீறிடுகிறது. நன்னீர் இலேசானது, பனிச்சுவரை ஒட்டியே விறுவிறுவென்று மேலே ஏறும். போகிற போக்கில் பக்கத்திலுள்ள வெப்பமான ஆழ்நீரையும் இழுத்துச் சுவர்மேல் பாய்ச்சும். இப்படிப் பீறிடும் இடத்தில்தான் உருகல் பலமாக இருக்கும், மற்ற இடங்களில் சொற்பம் என்றே வெகுகாலம் கணக்குப் போட்டார்கள். அலாஸ்காவின் லெகோன்ட் பனியாற்றில் நீருக்கடியில் இருக்கும் முகப்பை சோனார் என்ற ஒலியலைக் கருவி வைத்து நேராக அளந்தபோது அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. 2019இல் வெளியான முடிவின்படி, கோட்பாடு சொன்னதைவிட உருகல் நூறு மடங்கு வரை அதிகம். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை இது.

மீனா: மிதக்கும் பனி கரைந்தால் கடல் மட்டம் ஏறாதாமே?

அநேகமாக ஏறாது. ஆனால் அடி அரிக்கப்பட்டால் மேல்பகுதி தாங்கலில்லாமல் உடைந்து விழும். அப்புறம் பின்னால் நிலத்தில் கிடக்கும் பனி வேகமெடுத்துக் கடலுக்கு வரும். மட்டத்தை ஏற்றுவது அதுதான்.

ரஹ்மான்: கடல் குளிர்ந்தால் இதெல்லாம் நின்றுவிடுமா?

மேற்குக் கிரீன்லாந்தின் யாக்கோப்ஷாவ்ன் பனியாற்றைப் பாருங்கள். 1997இல் வெப்பமான நீர் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் கடல்மேல் நாக்குப்போல் நீண்டு மிதந்த அதன் முன்பகுதி நொறுங்கி, ஓட்டம் ஏறக்குறைய இரட்டிப்பானது. 2016இல் அங்கே கடல் குளிர்ந்தது. பனியாறு மெதுவாகி, முகப்புப் பகுதி தடிக்கவும் செய்தது. அதற்காக நிம்மதி அடைய முடியாது. அந்த ஆண்டுகளிலும் அதன் வரவைவிடச் செலவே அதிகம். அந்தக் குளிர்ச்சியும் அட்லாண்டிக்கில் இயல்பாக மாறி மாறி வருகிற ஒன்றுதான்.

செல்வி: எல்லாப் பனியாறுகளுக்கும் இதே கதிதானா?

இல்லை. பனியாறு வந்து சேரும் குறுகிய, ஆழமான கடற்கழியான ஃபியோர்டின் வாசலில் கடலடி மேடு உயரமாக இருந்தால் ஆழ்நீர் உள்ளே வருவது கடினம். பள்ளமாக இருந்தால் வழி திறந்தே கிடக்கும். இதைத் தெரிந்துகொள்ளத்தான் 2015இல் தொடங்கிய நாசாவின் ஓஎம்ஜி (Oceans Melting Greenland, கிரீன்லாந்தை உருக்கும் கடல்கள்) திட்டத்தில் கப்பல்கள் கிரீன்லாந்தின் கடலடியை அளந்தன; விமானங்களிலிருந்து கருவிகளைப் போட்டு நீரின் வெப்பத்தையும் உப்பையும் பார்த்தார்கள்.