டாக்டருக்கு ஏன் டெஸ்ட் எடுக்கத் தோன்றவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூட்டுவலி வந்த பிறகு அம்மாவுக்கு டிவிதான் துணை. இப்போது 'பாரதி கண்ணம்மா' சீரியலை முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கதாநாயகன் பாரதி ஒரு டாக்டர். தனக்குக் குழந்தை பிறக்காது என்று சொல்லும் ரிப்போர்ட்டை நம்பி, கர்ப்பமாக இருக்கும் மனைவி கண்ணம்மாவைச் சந்தேகப்படுகிறான். ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் முடிகிற விஷயம், வருஷக்கணக்கில் இழுக்கிறது. எழுதுகிறவர்களுக்கு இதுகூடவா தெரியாது? அம்மா லாஜிக்கெல்லாம் கேட்பதில்லை. வில்லி வெண்பாவின் முகம் தெரிந்தாலே "நீ உருப்படவே மாட்டடி" என்று டிவியைத் திட்டுகிறார். எங்கள் இரண்டு பேரில் யார் பார்ப்பது சரி?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

தெரியும். தெரிந்ததால்தான் எடுக்கவிடவில்லை. அந்த டெஸ்ட்தான் முடிச்சு. அதை அவிழ்த்த மறுநாள் காட்ட எதுவும் இருக்காது. 2019இல் தொடங்கிய தொடர் 2023 வரை ஓடியது அந்த ஒரு முடிச்சின் பலத்தில்தான்.

ஆனால் ஓட்டையை நீங்கள் வேறு இடத்தில் தேடுகிறீர்கள். பாரதி டிஎன்ஏ டெஸ்ட் எடுக்காததைவிட, முதல் ரிப்போர்ட்டை அப்படியே நம்பியதுதான் பெரிய ஓட்டை. விந்தணுப் பரிசோதனையில் ஒரே சாம்பிளை வைத்து எந்த டாக்டரும் தீர்ப்பு எழுதுவதில்லை. கடும் காய்ச்சல் வந்து போயிருந்தாலே எண்ணிக்கை இறங்கிவிடும். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும் என்பதால், ரிப்போர்ட் மோசமாக வந்தால் இடைவெளி விட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ரிப்போர்ட்டில் வெண்பா செய்த தில்லுமுல்லு ஒருமுறை பலிக்கலாம். இன்னொரு லேபில், இன்னொரு மாதத்தில் எப்படிப் பலிக்கும்? அவன் பேங்க் மேனேஜராக இருந்திருந்தால் நாமும் விட்டுவிடுவோம். டாக்டர் என்று வைத்துவிட்டு இதை மறப்பது சோம்பேறித்தனம்.

டெஸ்ட்டைத் தள்ளிப்போடக் கௌரவமான காரணம் சட்டத்திலேயே கிடைக்கும். கல்யாண பந்தம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவனுடையதே என்பது இந்திய சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு. அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் விலக்கு. (2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இது 116ஆம் பிரிவு.) கணவன் சந்தேகம் என்று கேட்டவுடன் குழந்தையை டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு அனுப்பிவிடக்கூடாது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. குழந்தையின் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியை ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பது அரை நிமிட வேலைதான். அந்த அரை நிமிடத்துக்கு ஒரு தாய் "என் பிள்ளை எதுக்குடா நிரூபிக்கணும்?" என்று குறுக்கே நின்றால், அதை வைத்து நூறு எபிசோட் ஓட்டலாம். பார்க்கிறவருக்கும் எரிச்சல் வராது.

இழுக்கிற முடிச்சில் இரண்டு ரகம். ஒன்று, பாத்திரத்தின் குணத்தில் கட்டியது. டெஸ்ட் எடுத்தால் இத்தனை வருஷம் தான் செய்தது அநியாயம் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் அந்த ரகம். இன்னொன்று, விபத்தில் கட்டியது. உண்மை சொல்ல வாயெடுக்கும்போது போன் வரும், கவர் கைமாறும், சாட்சி மேல் லாரி ஏறும். முதல் ரகம் இழுக்க இழுக்க இறுகும். இரண்டாவது மூன்றாம் முறையிலேயே பிய்ந்துவிடும். இந்தத் தொடரில் நல்ல முடிச்சு கையிலேயே இருந்தது. சொந்த மகள் ஹேமாவைத் தத்துப்பிள்ளை என்று நினைத்து, உயிரையே வைத்து வளர்க்கிறான் பாரதி. அங்கே லாரிக்கு வேலையே இல்லை.

அதையும் மீறி ஏன் லாரி வருகிறது என்றால், நேரக்கணக்கு. அரைமணி ஸ்லாட்டில் விளம்பரம் போக 22 நிமிடத்துக்குக் குறையாமல் காட்சி வேண்டும். அதுவும் வாரத்துக்கு ஐந்து, ஆறு நாள். ஹாலில் ஆறு பேர் நிற்கிறார்கள், ஒருத்தர் "ஹேமா யாரு தெரியுமா?" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று நொடி முகம், 18 நொடி. இடிச் சத்தத்தோடு மூன்று சுற்று, 54 நொடி. எழுத்தாளர் எழுதியது ஒரு வரிதான், ஓடியது ஒரு நிமிடம். ஒரு எபிசோடில் இப்படி நாலு இடம் வந்தால், ஒரு சீன் எழுதுகிற வேலை மிச்சம். இதில் நடிகரின் கால்ஷீட்டும் சேரும். மாமியாராக நடிப்பவருக்கு இந்த வாரம் தேதி இல்லையென்றால் மாமியார் கோயிலுக்குப் போய்விடுவார். ரகசியம் தெரிந்தவரே அவர்தான் என்றால் ரகசியமும் கூடவே கோயிலுக்குப் போகும்.

அம்மா திட்டுவதில் தவறே இல்லை. சீரியலைப் பாதிப் பேர் காதால்தான் பார்க்கிறார்கள், கை வெங்காயத்தில் இருக்கும். அதனால்தான் ஒவ்வொருவரும் "என் புருஷன் பாரதி" என்று பெயரும் உறவும் சேர்த்துப் பேசுகிறார்கள். அந்த மூன்று நொடி முகத்தில் வசனம் இல்லையே, அது உங்கள் அம்மா பேசுவதற்கான இடம். "உருப்படவே மாட்டடி" சரியாக அதில் அடங்கும். வேண்டுமானால் கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

ஒளிபரப்பான காலத்தில் அந்தத் திட்டு யார் காதிலும் விழுந்திருக்காது. ரேட்டிங் பெட்டி வைத்த வீடுகளில் எந்தச் சேனல் ஓடுகிறது, யார் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் பதிவாகும். சனி முதல் வெள்ளி வரையிலான கணக்கு வியாழக்கிழமை வரும். வெண்பா வந்த நாட்களில் எண் ஏறியிருந்தால் அவளுக்கு இன்னொரு சதி எழுதுவார்கள். திட்டிக்கொண்டே பார்த்தாலும், ரசித்துப் பார்த்தாலும் பெட்டிக்கு ஒன்றுதான்.

ஒரு விஷயம். 2021 இறுதியில் கண்ணம்மாவாக நடித்த ரோஷினி ஹரிப்ரியன் விலகி, வினுஷா தேவி வந்தார். நீங்கள் இன்னும் அங்கே வரவில்லை என்று நினைக்கிறேன். அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்காதீர்கள். இரண்டு நாள் "இவ யாரு புதுசா?" என்று முணுமுணுப்பார். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்காகவும் வெண்பாவைத் திட்டுவார்.