கேள்வி பதில்: நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்த கதை

கேள்வி (சேலம்): சார், நியூஃபவுண்ட்லாந்து தனி நாடாகவா இருந்தது? கனடாவின் ஒரு மூலை என்றுதான் நினைத்திருந்தேன்.

பதில்: தனி நாடுதான். கனடாவைப் போலவே பிரிட்டிஷ் முடியின் கீழ் தன்னாட்சி பெற்ற டொமினியன். சொந்தப் பிரதமர், சொந்தச் சட்டமன்றம், சொந்தத் தபால்தலை எல்லாம் உண்டு. ஜனத்தொகைதான் மூன்றேகால் லட்சம்.

கேள்வி (தஞ்சாவூர்): போரில் தோற்றதால் கனடா பிடித்துக்கொண்டதா?

பதில்: இரண்டு உலகப் போரிலும் ஜெயித்த பக்கம். ஆனால் முதல் போர் முதுகை முறித்துவிட்டது. 1916 ஜூலை 1, பிரான்சில் போமான்-ஹாமெல். நியூஃபவுண்ட்லாந்துப் படையினர் சுமார் 800 பேர் பதுங்குகுழியை விட்டு ஏறினார்கள். மறுநாள் காலை பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். அந்தப் படைக்காக வாங்கிய கடன், ஏற்கெனவே ரயில் பாதைக்கு வாங்கிய கடன், அப்புறம் 1930களின் மந்தத்தில் காட் (cod) மீன் கருவாட்டு விலை விழுந்தது. அரசு வருமானத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போனது. 1932-ல் கூட்டம் சட்டமன்றத்தை அடித்து நொறுக்க, பிரதமர் ஸ்கொயர்ஸ் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினார். 1934-ல் லண்டன் நியமித்த ஆணையக்குழுவின் கையில் ஆட்சியைக் கொடுத்துவிட்டுச் சட்டமன்றத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். இரண்டாம் போரில் அமெரிக்க, கனடியத் தளங்கள் வந்து கூலியும் வரியும் சேர்ந்தன. கடன் பயம் தெளிந்த பிறகுதான் 'அடுத்து யார் ஆள்வது' என்ற பேச்சே வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: தலைநகர் செயின்ட் ஜான்ஸ்காரர்கள் எழுதியதை மட்டும் படித்துவிட்டு இந்தக் கதைக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): வாக்கெடுப்பே பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து செய்த மோசடிதானே?

பதில்: இதை எதிர்பார்த்தேன். 1948 ஜூன் 3-ல் முதல் வாக்கெடுப்பு: பழையபடி சொந்த ஆட்சி 44.6%, கனடாவோடு இணைப்பு 41.1%, ஆணையக்குழுவே தொடரட்டும் 14.3%. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூலை 22-ல் முதல் இரண்டுக்கும் மட்டும் மறுவாக்கெடுப்பு, இணைப்பு 52.3% வாங்கி ஜெயித்தது. மோசடி நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஒருபக்கச் சாய்வு இருந்தது, உண்மை. உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய மாநாடு, இணைப்பை வாக்குச்சீட்டில் சேர்க்கவே வேண்டாம் என்று 29-க்கு 16 என முடிவு செய்தது. லண்டன் அதை மீறிச் சேர்த்தது. போருக்குப் பின் பிரிட்டனுக்கே கையில் காசில்லை; பொறுப்பைக் கைமாற்றப் பார்த்தது.

கேள்வி (திருநெல்வேலி, மறுபடியும்): அப்படியானால் சதிதானே? மக்கள் எப்படிச் சொந்த நாட்டை விட்டுக்கொடுப்பார்கள்?

பதில்: கடலோரச் சிற்றூர்க் குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். வசந்தத்தில் வணிகர் மாவு, தேயிலை, உப்பு, தூண்டில் கயிறு எல்லாம் கடனுக்குத் தருவார். மீன் காய்ந்ததும் அதே வணிகரிடம் போட வேண்டும். தரமும் விலையும் அவர் சொன்னதுதான். கணக்கு நேராகிவிடும், கைக்குக் காசு வராது. வானொலியில் பேசிப் பேர்பெற்றவர், இணைப்புக்கு வாக்குக் கேட்ட ஜோயி ஸ்மால்வுட் அந்த வீடுகளிடம் சொன்னது எளிமையானது: கனடாவில் பிள்ளைக்கு மாதம் 5 முதல் 8 டாலர் அரசு தருகிறது, பெரும்பாலும் தாய் பேருக்கே. ஐந்து பிள்ளை பெற்றவளுக்கு அது வணிகரின் பேரேட்டில் ஏறாத பணம். 'சொந்த நாடு' என்ற பேச்சு தலைநகரும் வணிகர்களும் இருந்த அவலான் தீபகற்பத்தில் எடுபட்டது, துறைமுகச் சிற்றூர்கள் பலவற்றில் எடுபடவில்லை.

கேள்வி (சென்னை): கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் சண்டையும் இருந்ததாமே?

பதில்: இருந்தது. கத்தோலிக்கர் அதிகமுள்ள அவலான் சொந்த ஆட்சிக்குச் சாய்ந்தது; இரண்டாவது சுற்றுக்கு முன் புராட்டஸ்டன்ட்காரர்களின் ஆரஞ்சு சங்கம் அதையே காட்டித் தன் ஆட்களை உசுப்பியது. ஆனால் மதம் மட்டும் காரணமல்ல.

கேள்வி (ஈரோடு): சார், இது மோசடி என்று படித்தேனே?

பதில்: மேலே பாருங்கள். மூன்றாம் தடவை எழுத மாட்டேன்.

கேள்வி (திருச்சி): ஒப்பந்தத்தில் மார்கரினுக்குத் தனிப் பிரிவு என்பது நிஜமா?

பதில்: நிஜம், 46-வது பிரிவு. மார்கரின் என்பது வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவும் மலிவான கொழுப்பு. கனடாவில் பால்பண்ணைக்காரர்களுக்காக மார்கரினுக்குத் தடை இருந்த காலம். வெண்ணெய் வாங்க முடியாத இவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளூரில் செய்யலாம், விற்கலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கள் ஆட்கள் படகில் கரையேறியது இந்த இடத்தில்தானா?

பதில்: ஆமாம், 1986 ஆகஸ்டில். உயிர்ப்படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அவ்வூர் மீனவர்கள் காப்பாற்றினார்கள். இணைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. தனியாகக் கேளுங்கள், விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி (மதுரை): சேர்ந்ததில் லாபமா நஷ்டமா?

பதில்: பள்ளி, சாலை, ஓய்வூதியம் வந்தன. மீன்வள அதிகாரம் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போனது. 1992-ல் காட் பிடிக்கவே தடை. கனடாவில் சேராமலிருந்தால் மீன் பிழைத்திருக்கும் என்பவர்களிடம், ஐரோப்பியக் கப்பல்களைத் தனியாக நின்று எப்படித் தடுத்திருப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): மோசடி இல்லையென்றால் ஏன் நள்ளிரவில் சேர்த்தார்கள்?

பதில்: 1949 மார்ச் 31, நள்ளிரவுக்குச் சற்று முன். மறுநாள் ஏப்ரல் 1, முட்டாள்கள் தினம்.