சாதாரண ஆள் என்று யார் சொன்னது?

கேள்வி: வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று ஓடவே நாள் போதவில்லை. என்னைப் போன்ற சாதாரண ஆள் இயேசுவின் சீடனாக வாழ்வது நடக்கிற காரியமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: நீங்கள் சாதாரண ஆள் என்று யார் சொன்னது? இயேசு அழைத்தவர்களில் வலை வீசியவர்கள் உண்டு, வரி வசூலித்தவர் உண்டு. உங்கள் பக்கத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டரும் துறவி அல்லர். பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்த குடும்பஸ்தர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கானே நீக்கிவிட்டது.

நம் வீடுகளில் நீக்கினோமா? இதை நான் விடப்போவதில்லை. இந்த இதழுக்கு வரும் 'மணமகள் தேவை' விளம்பரங்களில் 'கிறிஸ்தவ' என்பதை அடுத்து நிற்பது சாதிப் பெயர். வெட்டினால் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும், இனியும் வெட்டுவேன். பெண் பார்த்து முடிந்ததும் சீதனப் பேச்சு. ஜெபம் செய்து தொடங்கி, எத்தனை பவுன், ரப்பர் தோட்டம் எத்தனை சென்ட் என்று பேசி, ஜெபம் செய்து முடிக்கிறார்கள். 1961-லேயே சட்டம் தடைசெய்த காரியத்துக்கு ஆமென் சொல்ல எப்படி வாய் வருகிறது?

இதே மாவட்டத்தில், 1820-களில், நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் அடிமைகளாய் இருந்தவர்கள், பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அந்த மண்ணில் பிறந்த பெண்களுக்குத்தான் இன்று நடுவீட்டில் உட்கார்ந்து விலை பேசுகிறோம். எனக்கு வயிறு எரிகிறது.

நாள் போதவில்லை என்கிறீர்கள். சீதனம் வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ரப்பர் ஒட்டுப்பாலில் மண்ணைச் சேர்க்காமல் எடை போட? ரப்பர் மரத்தில் பால் வெட்ட வருகிறவருக்கு, நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே தேநீர் கொடுக்க? இதற்கெல்லாம் வேலையை விட வேண்டாம், குடும்பத்தை விட வேண்டாம். மகன் இருந்தால், அவனுக்குப் பெண் பேசிவிட்டு வந்த அன்று எனக்கு மறுபடி எழுதுங்கள். அங்கே என்ன கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.