வெள்ளி மாலை போன் அணைந்த பிறகு யார் பொறுப்பு?

கேள்வி: வாஷிங்டனில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இரண்டாம் நிலை அதிகாரியாக இருக்கிறேன். பொதுச் சுகாதாரம் சம்பந்தப்பட்ட வேலை. எங்கள் இயக்குநர் ஆசாரமான யூதப் பெண்மணி. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். சனிக்கிழமை இருட்டும்வரை போன், மெயில் எதுவும் கிடையாது. போன டிசம்பரில் ஒரு வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மேலிடத்தில் அவசரமாக ஓர் அறிக்கை கேட்டார்கள். வரைவு என் கையில் தயாராக இருந்தது. அதை அனுப்ப எனக்கு அதிகாரம் உண்டா என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மாலை போனைத் திறந்தவர், “நீங்களே அனுப்பியிருக்கலாமே?” என்றார். மேலிடத்தில் திட்டு வாங்கியது நான். ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் அவருடைய மெயில்கள் வர ஆரம்பித்துவிடும். அந்த நேரம் மகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருப்பேன். இவ்வளவு கட்டுப்பாடு உள்ளவர் இப்படிப்பட்ட பதவியை ஏற்கலாமா? கேட்டால் என்னை யூத விரோதி என்று சொல்லிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், மேரிலாண்ட்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அந்த “நீங்களே அனுப்பியிருக்கலாமே”தான். பொறுப்பை உங்களிடம் விட்டுவிட்டுப் போனதாக அவர் நினைத்திருக்கிறார். வேலையை மட்டும் தலையில் கட்டிவிட்டுப் போனதாக நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பத்து நிமிஷம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

பதவியை ஏற்கலாமா என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன். ஜேக்கப் லூ யூதர்களின் ஓய்வுநாளை, அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவுவரை வேலை, வண்டி, மின்கருவி எதையும் தொடாத நாளை, கடைப்பிடிப்பவர். ஒபாமாவின் தலைமைச் செயலராக இருந்தார், 2013 முதல் 2017 வரை நிதியமைச்சராகவும் இருந்தார். வெள்ளை மாளிகையின் தலைமைச் செயலர் என்றால் போனைக் கீழே வைக்கவே முடியாத உத்தியோகம். ஜோ லீபர்மேனும் அப்படிப்பட்ட யூதர்தான். 24 ஆண்டுகள் செனட்டர், 2000-இல் துணை அதிபர் வேட்பாளர். 1988-இல் அவரை முதன்முதலாக செனட் வேட்பாளராக அறிவித்த கட்சி மாநாடு ஒரு சனிக்கிழமையில் வந்தது. அவர் போகவில்லை, ஏற்புரையை வீடியோவில் பதிவு செய்து அனுப்பிவிட்டார்.

ஆனால் அதே மனிதர் சனிக்கிழமை வாக்கெடுப்பு என்றால் போவார். பிரசாரம் தன் சொந்தக் காரியம், வாக்களிப்பது ஊர்க் காரியம் என்று கோடு போட்டிருந்தார். வண்டியில் ஏறக்கூடாதே, அதனால் நடை. 2009 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஜார்ஜ்டவுன் ஜெப ஆலயத்தில் வழிபாட்டை முடித்துவிட்டு நாடாளுமன்றக் கட்டடமான கேபிடல்வரை மூன்று மைலுக்கு மேல் நடந்தே போனார். செனட்டில் பேர் கூப்பிடும்போது வாயால் பதில் சொன்னால் போதும். பிரதிநிதிகள் சபையில் வழக்கமாக மின்னணு அட்டையைச் செருக வேண்டும். அங்கே உறுப்பினராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி ஒரு யோசனை ஓடும்.

அவர் சொன்ன இன்னொரு சம்பவம் உங்களுக்கு நேராகவே பொருந்தும். ஒரு வெள்ளி இரவு செனட் கூட்டம் நீண்டுகொண்டே போனது. கட்டடத்தில் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்திலேயே படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தார் லீபர்மேன். அப்போது செனட்டராக இருந்த அல் கோர், பக்கத்தில் இருந்த தன் பெற்றோரின் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தங்கவைத்தார். விளக்குகளை கோரே அணைத்துவிட்டுப் போனார். அவர் யூதர் இல்லை. ஆனால் நண்பர் எதைத் தொடமாட்டார் என்று தெரிந்துவைத்திருந்தார்.

இதில் பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. ஓய்வுநாளில் தான் செய்யக்கூடாத வேலையை வேறு மதத்தவரைக் கூப்பிட்டு “எனக்காகச் செய்து கொடு” என்று சொல்வதையும் யூத சமயச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதனால் வெள்ளி இரவு உங்கள் இயக்குநரிடமிருந்து ஓர் உத்தரவு வரும் என்று காத்திருப்பதில் பலனில்லை. அவர் பேரில் நீங்கள் செய்வது என்றில்லாமல், அந்த 25 மணி நேரமும் உங்கள் பேரில், உங்கள் அதிகாரத்தில் முடிவு எடுப்பதாக இருக்க வேண்டும். “வெள்ளி மாலை முதல் சனி இரவுவரை பொறுப்பு இயக்குநர் இவர், இன்னின்னவற்றில் கையெழுத்திடலாம்” என்று அவர் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். மேலிடத்துக்கும் ஒரு நகல் போகட்டும். இது இல்லாமல் சுமையை மட்டும் நீங்கள் சுமக்கக் கூடாது. உங்கள் மனக்குறை நியாயமானதுதான், ஆனால் அது அவருடைய மதத்தின் மேல் இருக்க வேண்டிய குறை இல்லை.

அப்புறம், உங்களுடையது சுகாதாரத் துறை. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாள் விலகி நிற்க வேண்டும், ஆபத்தோ என்ற சந்தேகம் இருந்தால்கூடப் போதும் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. ஓய்வுநாளிலும் பொதுக் காரியங்களைக் கவனிக்கலாம் என்று அதற்கு விரிவுரையாக வந்த தல்மூதிலேயே ஒரு வரி உண்டு. ஆகவே அவர் போனை எடுக்க வேண்டிய நேரம் என்று ஒன்று நிச்சயம் இருக்கும். எது அந்த ரகம், எது திங்கட்கிழமைவரை பொறுக்கும் என்று நீங்கள் ஊகிக்காதீர்கள். அவரையே கேளுங்கள். தேவையென்றால் அவர் தன் மதகுருவான ரபியிடம் கேட்டு வருவார். தொற்றுநோய் பரவுகிறது என்றால் வீட்டுக் கதவைத் தட்டலாமா, யார் போய்த் தட்டுவது என்பதுவரை பேசிவிடுங்கள்.

வெள்ளி மாலைக் கூட்டத்தை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1976 டிசம்பரில் இஸ்ரேலில் புது எஃப்-15 போர் விமானங்களை வரவேற்கும் விழா வெள்ளி சாயங்காலம்வரை இழுத்துவிட்டது. ஓய்வுநாள் மீறப்பட்டது என்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அதைத் தொடர்ந்த குழப்பத்தில் பிரதமர் ராபின் ராஜினாமா செய்தார். யூத நாட்டிலேயே இந்தக் கதி! வாஷிங்டனில் டிசம்பரில் சூரியன் அஸ்தமிப்பது ஐந்து மணிக்கும் முன்னால். ஓய்வுநாளைத் தொடங்கிவைக்க மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கமாக அதற்கும் 18 நிமிஷம் முன்பு. அதாவது நாலரை மணி. அந்த மாதங்களில் வெள்ளி மூன்று மணிக்குமேல் கூட்டம் வைக்காதீர்கள். நல்ல சேதி என்னவென்றால், இந்த நேரங்கள் அடுத்த பத்து வருஷத்துக்கும் இப்போதே தெரியும். திடீர் காய்ச்சல், திடீர் கல்யாணம் என்று லீவு போடும் எந்த அதிகாரியும் இவ்வளவு முன்கூட்டிச் சொல்வதில்லை.

பண்டிகைகளைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இஸ்ரேலுக்கு வெளியே வருஷத்தில் 13 நாள் ஓய்வுநாள் மாதிரியே வேலைக்குத் தடை. அதில் பாதிக்கு மேல் செப்டம்பர், அக்டோபரில் வரும். உங்கள் நிதியாண்டு முடிவதோ செப்டம்பர் 30. ஜனவரியிலேயே நாள்காட்டியை விரித்து உட்காருங்கள். இப்படிப் போகும் நேரத்தை முன்னாலோ பின்னாலோ கூடுதலாக வேலை செய்து ஈடுகட்ட மத்திய அரசு ஊழியர்களுக்கு 1978 முதல் சட்டத்தில் வழி இருக்கிறது. யாரும் யாருக்கும் சலுகை காட்டுவதாக நினைக்க வேண்டியதில்லை.

யூத விரோதி என்ற பேச்சு வருமோ என்கிறீர்கள். “உங்கள் மதத்தால் எனக்குக் கஷ்டம்” என்று ஆரம்பித்தால் வரத்தான் செய்யும். ஒரு செவ்வாய்க்கிழமை, அவசரமில்லாத நேரமாகப் பார்த்து, டிசம்பர் சம்பவத்தை எடுத்து வையுங்கள். “அன்றைக்கு எனக்கு அதிகாரம் இருந்ததா, இல்லையா?” என்று கேளுங்கள். பேச்சு தானாக அந்தத் தாளுக்கு வந்துவிடும்.

அந்தச் சூட்டோடு உங்கள் ஞாயிற்றுக்கிழமையையும் கேட்டு வாங்கிவிடுங்கள். சனிக்கிழமையின் அருமை தெரிந்தவருக்கு இதைப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆகாது. வெள்ளி இரவும் சனியும் நீங்கள், ஞாயிறு முழுக்க அவர். காலை ஏழு மணிக்கு அவர் மெயில் அனுப்பட்டும், நீங்கள் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். தமிழ்ப் பள்ளி வாசலில் நிற்கும்போது போன் கார் டாஷ்போர்டுக்குள்ளேயே கிடக்கட்டும்.