ஹாக்கர் 'ஃப்யூரி மோனோபிளேன்' ஏன் கட்டப்படவில்லை?

பிரிட்டனின் ஹாக்கர் விமான நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் சிட்னி கேம் 1933-இல் வரைந்த இந்தப் போர் விமானம் வடிவமைப்புக் குறையால் கைவிடப்பட்டதா என்பது கேள்வி. என் பார்வையில், 'கைவிடப்பட்டது' என்பதே இதற்குப் பொருந்தாது. 1931 முதல் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்த, மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டிய ஃப்யூரி என்ற ஈரிறக்கை விமானத்திலிருந்து வளர்ந்த இத்திட்டத்தில், ஒற்றை இறக்கையும், உறையிட்ட நிலையான சக்கரங்களும், ரோல்ஸ்-ராய்ஸின் கோஸ்ஹாக் எஞ்சினும் இருந்தன.

சிக்கல் எஞ்சினில்தான் இருந்தது. கோஸ்ஹாக்கில் குளிர்விக்கும் நீர் ஆவியாகி, குளிர்கலங்களில் மீண்டும் நீராக வேண்டும். அக்கலங்கள் பெரிய பரப்பை எடுத்துக்கொண்டன, எதிரியின் குண்டு பட்டால் எளிதில் சேதமாகக்கூடியவையாகவும் இருந்தன. அதே எஞ்சினுடன் 1934-இல் பறந்த, சூப்பர்மரைன் நிறுவனத்தின் 224 என்ற போர் விமானம் ஏமாற்றமளித்தது. குளிர்விப்புக் கோளாறு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இதற்கிடையே, பின்னாளில் மெர்லின் எனப் பெயர்பெற்ற பி.வி.-12 எஞ்சின் உருவாகிவந்ததால், கேம் 1934-இல் அதற்கேற்ப வரைபடத்தைத் திருத்தி, சக்கரங்களையும் உள்ளிழுக்கத்தக்கவையாக்கினார். இந்தத் துணிவு பாராட்டுக்குரியது. அவ்வாறு மாறிய வடிவமே 1935 நவம்பர் 6 அன்று முதன்முறையாகப் பறந்த ஹரிக்கேன் போர் விமானம்.